வேஸ்ட் நோட்டில் எழுதிய லாக்

போன மாதம் கவிதாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. மில்லில் நான் விட்டுவந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் அவர். "அண்ணா, நம்ம சர்வரெல்லாம் கிளவுடுக்குப் போயிருச்சுங்க. லாக் பேக்கப்பை அதுவே எடுத்துக்குது, பழசை அதுவே அழிச்சுக்குது. நீங்க பாத்த வேலையில பாதி இனி இல்லவே இல்லீங்க. அந்தப் பாதியப் பத்தி நம்ம குழுவுக்கு ஏதாச்சும் எழுதித் தாங்களேன்."

ஐம்பத்து மூன்று வயதில் விருப்ப ஓய்வு வாங்கியவன் நான். எழுத உட்கார்ந்தால் எழுந்து நடப்பேன், நடந்தால் உட்காரத் தோன்றும். இரண்டுக்கும் நடுவில் எழுதியது இது.

இல்லாமல் போன அந்தப் பாதி என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். டேட்டாபேஸ் எதையும் எடுத்த எடுப்பில் செய்துவிடாது. ஓர் எண்ணை மாற்றச் சொன்னால், மாற்றப்போகிறேன் என்று ஒரு தனிக் கோப்பில் முதலில் எழுதிக்கொள்ளும். பிறகுதான் மாற்றும். நடுவில் கரண்ட் போய் வந்தால், அந்தக் குறிப்பைப் படித்துப் பார்த்து, பாதியில் நின்றதை முடிக்கும் அல்லது பின்வாங்கும். அந்தக் கோப்புதான் டிரான்சாக்‌ஷன் லாக். ஸ்பிண்டில் சுற்றும்போது எழுதும். ஷிப்ட் மாறும்போது எழுதும். மழைக்கு எல்லாரும் ஜன்னலோரம் நிற்கும்போதும் எழுதிக்கொண்டே இருக்கும். இதுவரை எழுதியதை நகல் எடுத்துவிட்டேன், இனி அந்த இடத்தை நீ மறுபடி எடுத்துக்கொள் என்று நாம் சொல்ல வேண்டும். சொல்லும்வரை ஒரு வரியையும் விடாது. சொல்ல மறந்தால் கோப்பு வீங்கும். டிஸ்க் முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கும். அப்புறம் அந்த மில்லில் ஒருவராலும் ஓர் எழுத்தைக்கூடச் சேமிக்க முடியாது.

அதை வீங்கவிடாமல் பார்த்துக்கொண்டதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

கணிதப் பட்டம், காந்திபுரத்தில் ஒரு மாடியறையில் ஆறு மாத வகுப்பு, சிங்காநல்லூர் பக்கத்து நூற்பாலை ஒன்றில் டேட்டா என்ட்ரி. மூன்றாம் வருடம் சர்வர் அறையின் சாவி என் கைக்கு வந்தது. படிப்பு அவ்வளவுதான். மற்றதெல்லாம் கெடுத்துக் கற்றது.

முதலில் கெடுத்தது காரமடைக் கிளை மில்லில். டிஸ்க் நிறைந்துவிட்டதென்று போன் வந்து பஸ் ஏறிப் போனேன். பார்த்தால் லாக் கோப்பு மட்டுமே முக்கால் டிஸ்க்கை அடைத்துக்கொண்டு கிடந்தது. வெறும் லாக்தானே என்று டேட்டாபேஸை நிறுத்தி, அந்தக் கோப்பைக் கையால் அழித்துவிட்டு, மறுபடி கிளப்பினேன். கிளம்பவில்லை. முடிக்காத வேலை எது, முடித்த வேலை எது என்று அதற்குத் தெரியவில்லை. முந்தைய பேக்கப்பைப் போட்டு எழுப்பியதில் இரண்டு நாள் விவரம் போய்விட்டது.

மறுநாள் என் மேலதிகாரி சென்னியப்பன் சார் என்னோடு காரமடைக்கு வந்தார். திட்டவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு நாளுக்கான உற்பத்திச் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார். நான் தட்டினேன். மதியம் வரை வாசித்தார். டீ குடிக்கும்போதுதான் கேட்டார்.

"ஏனுங்க பூபதி, தூக்கிப்போட்டீங்களே, அதுக்குள்ள என்ன இருந்துச்சுங்க?"

"தெரியலீங்க சார்."

"தெரியாமயா தூக்கிப்போட்டீங்க?"

அவர் குரல் அதற்குமேல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கொடுமுடிக்காரர். கம்ப்யூட்டர் பிரிவுக்கு வருமுன் புளோரூமில், பஞ்சைப் பிரித்துச் சுத்தப்படுத்தும் பகுதியில், பதினொரு வருடம் இருந்தவர். அங்கே கழிவுப் பஞ்சுக்கு ஒரு நோட்டு உண்டு. கூட்டிப் பெருக்கியது, மெஷின் அடியில் கொட்டியது, தூசியோடு வந்தது என்று வகைபிரித்து, எடை போட்டு, எழுதிக் கையெழுத்துப் போடாமல் ஒரு பிடிப் பஞ்சு கேட்டைத் தாண்டாது. அந்த வழக்கத்தை அவர் சர்வர் அறைக்குக் கொண்டுவந்தார். காரமடையிலிருந்து திரும்பிய வாரமே மேசைமேல் நீள நோட்டு ஒன்று வந்து உட்கார்ந்தது. அட்டையில் 'வேஸ்ட் நோட்டு' என்று அவர் கையெழுத்து. உள்ளே நான்கு கட்டம்: எது, எந்த நாள் முதல், எந்த நாள் வரை, உள்ளே இருப்பது. எதை அழித்தாலும், பழைய பேக்கப் ஆனாலும் லாக் ஆனாலும், நான்கையும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டபிறகுதான் கீபோர்டைத் தொடலாம்.

அவர் உத்தரவு போடுவது அபூர்வம். பெரும்பாலும் கேள்விதான். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தபடி கேட்பார். பதில் வரும்வரை துடைத்துக்கொண்டே இருப்பார். மில்லில் பேண்ட் போடாத ஒரே மேனேஜர். லாக்கைச் சனிக்கிழமைதோறும் சுருக்கி, திங்கட்கிழமை அது மறுபடி வளர்வதைப் பார்த்துச் சலித்துக்கொண்டிருந்த காலத்தில் என்னிடம் கேட்டார்.

"பலூன ஊதிக் காத்தப் புடுங்கி, மறுக்கா ஊதறீங்களே, வாய் வலிக்கலீங்களா? அதுக்கு எத்தன எடம் வேணுமோ அத்தன குடுத்துப்போட்டு, மணிக்கொருக்கா நகல் எடுத்தா அது ஏனுங்க வளருது?"

பிறகு அப்படித்தான் செய்தோம். மணிக்கு ஒருமுறை தானாக லாக் நகலாகும். நகல்களை ஒரு வாரம் வைத்திருந்து அழிப்போம். பல வருடங்கள் அந்தக் கோப்பு நின்ற இடத்திலேயே நின்றது. நோட்டில் வாரம் ஒரு வரி. நான் அதைப் பற்றி யோசிப்பதையே விட்டுவிட்டேன்.

இனி ருக்மணி விஷயம்.

ருக்மணி எங்கள் தர ஆய்வு லேபில் பதினாறு வருடம் வேலை பார்த்தவர். நூலை மெஷினில் இழுத்து, எவ்வளவு இழுவைக்கு அறுகிறது என்று பார்த்து, அந்த வலிமை எண்ணைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவர் வேலை. எண் இரண்டாயிரத்து நூறுக்குக் கீழே இருந்தால் அந்த லாட், அதாவது அந்தத் தொகுதி நூல், நிற்கும். மேலே இருந்தால் லாரி ஏறும். ஒருமுறை, நிற்க வேண்டிய லாட் ஒன்று லாரி ஏறிவிட்டது. திருப்பூரில் பின்னலாடை மெஷினில் நூல் அறுந்து அறுந்து விழுந்து, புகார் வந்தது. கம்ப்யூட்டரில் பார்த்தால் எண் இரண்டாயிரத்து நூற்று இருபத்தொன்று. பக்கத்தில், கடைசியாக மாற்றியவர் என்ற இடத்தில், ருக்மணியின் பெயர்.

"நா ரெண்டாயிரத்து நாப்பதுன்னுதானுங்க போட்டேன். அந்த லாட்டு நிக்கோணும்னு வாயிலயும் சொன்னேன்" என்றார் அவர். டெஸ்டிங் மெஷின் துப்பிய சீட்டைக் காட்டச் சொன்னார்கள். அது வெப்பத்தில் அச்சாகும் தாள். சில வாரங்களில் வெளுத்துவிடும். வெள்ளைத் தாளைத்தான் அவரால் காட்ட முடிந்தது. யாருக்காகவோ எண்ணைத் திருத்திவிட்டார் என்று முடிவாயிற்று. விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று கடிதம் கொடுத்தார்கள். பையை எடுத்துக்கொண்டு அவர் கேட்டைத் தாண்டியதை சர்வர் அறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். அன்றைக்கு எனக்கு வேறு வேலை இருந்தது.

அவர் போய்ப் பதினெட்டு நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு, மில் முழுக்க கம்ப்யூட்டர் நின்றது. போன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடித்தன. டிஸ்பாட்சிலிருந்து வந்த போனை எடுத்தேன். "ஏனுங்க பூபதி, கேட் பாஸ் அடிச்சா திரை முழுக்கச் செவப்பா என்னமோ வருதுங்க. லாரி நாலு நிக்குது!"

திரையில் இருந்தது எனக்குத் தெரிந்த வாசகம். லாக் நிறைந்துவிட்டது. டிஸ்க்கில் இடமில்லை.

நம்பாமல் கோப்பின் அளவைப் பார்த்தேன். டேட்டாபேஸைப் போல நாலு மடங்கு. பல வருடம் ஒரே இடத்தில் நின்ற கோப்பு. காரணம் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மணிக்கொருமுறை நகல் எடுக்க வேண்டிய ஜாப் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. ஆயுத பூஜையிலிருந்து. ஏழு வாரமாக.

எங்கள் பக்கத்தைத் தவிர வேறெங்கும் இந்தத் தவறு இப்படி நடந்திருக்காது. ஆயுத பூஜைக்கு மில்லே நிற்கும். மெஷின்களைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தபின் மறுபூஜை முடியும்வரை யாரும் கைவைக்கக் கூடாது. சர்வருக்கும் சந்தனம் உண்டு, செவ்வந்திச் சரம் உண்டு, வாசலில் பூசணிக்காய் உண்டு. ஆனால் சர்வரை நிறுத்த முடியாது. அதனால் சென்னியப்பன் சார் ஒரு வழி வைத்திருந்தார். "மெஷினெல்லாம் சாமிக்கு முன்னால நிக்கறப்ப உங்க ஜாப்பு மட்டும் ஓடுனா மருவாதியாங்க?" என்பார். ஆகவே பூஜையன்று முழு பேக்கப் ஒன்றைத் தனி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, அதைச் சாமி படத்தருகே வைத்து, சர்வரில் தானாக ஓடும் பன்னிரண்டு ஜாப்களையும் நிறுத்துவோம். மறுநாள் பொரி கடலை தின்றுவிட்டு ஒவ்வொன்றாகக் கிளப்புவேன். அந்த வருடம் பதினொன்றைக் கிளப்பினேன். பன்னிரண்டாவது, திரையின் கீழ்விளிம்புக்கு அடியில் இருந்தது. ஓடித் தோற்ற ஜாப் மெயில் அனுப்பும். நிறுத்திவைத்த ஜாப் தோற்பதே இல்லை. யாருக்கும் எந்த மெயிலும் வரவில்லை.

மில்லின் ஜெனரல் மேனேஜர், ஜி.எம்., சர்வர் அறைக்கே வந்துவிட்டார். செருப்போடு.

"எத்தன நிமிஷம்?"

"லாக்கத் தூக்கிப்போட்டா அஞ்சு நிமிஷங்க."

"அதனால டேட்டாவுக்கு ஏதாச்சும்?"

"இன்னைக்கு இருக்கற டேட்டாவுக்கு ஒண்ணும் ஆகாதுங்க. பழைய நடப்புதான் போயிரும்."

"அப்பறம் என்னத்தப் பாத்துட்டு இருக்கீங்க?"

அது உண்மைதான். காரமடையில் செய்ததுபோலக் கோப்பை அழிக்க வேண்டியதில்லை. பழைய நடப்பு எனக்கு வேண்டாம் என்று டேட்டாபேஸிடம் ஒரு வரியில் சொல்லிவிட்டால் ஏழு வாரத்தையும் அந்த நொடியே கைவிட்டுவிடும். முறைப்படியான வழிதான். அந்த வரியைத் தட்டியும் வைத்திருந்தேன். எண்டர்தான் பாக்கி.

சென்னியப்பன் சார் நோட்டைப் பிரித்து, பேனா மூடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"எழுதிப்போட்டுத் தூக்கிப்போடுங்க."

"ஏனுங்க சென்னியப்பன்," ஜி.எம். குரல் மேலே போயிற்று. "லாரி நிக்குது, நீங்க இங்க நோட்டு எழுதப் பழக்கறீங்களா?"

"ஒரு வரிதானுங்க."

எழுதினேன். எது: லாக். எந்த நாள் முதல்: ஆயுத பூஜை. எந்த நாள் வரை: இன்று. நான்காவது கட்டத்துக்கு வந்தேன். உள்ளே இருப்பது.

ஏழு வாரம். அதற்குள் ருக்மணி எண் போட்ட நாளும் இருக்கிறது. அந்த எண் எந்த நிமிடத்தில் நாற்பதிலிருந்து நூற்று இருபத்தொன்றாக மாறியது என்பதும் இருக்கிறது. ஜாப் ஒழுங்காக ஓடியிருந்தால், ஒரு வாரத்துக்கு மேற்பட்ட நகல்களோடு அதுவும் எப்போதோ அழிந்திருக்கும். என் மறதியால் உயிரோடு இருக்கிறது.

பேனா அங்கேயே நின்றது. ஏனென்றால் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அதே வாரம், புதன்கிழமை மதியம், வலிமை எண்கள் இருக்கும் அட்டவணையில் நான் ஒரு ஸ்கிரிப்ட், எண்களை மொத்தமாக மாற்றும் கட்டளைத் தொகுப்பு, ஓட்டியிருந்தேன். பழைய டெஸ்டிங் மெஷின் பஞ்சின் ஈரப்பதத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. அதன் எண்களைச் சற்றுக் கூட்டித் திருத்த வேண்டும். வரப்போகும் புது மெஷின் அதைத் தானே செய்துகொள்ளும். புது மெஷின் வியாழக்கிழமை வரும் என்று சொல்லியிருந்தார்கள். ஆகவே புதன்வரை ஏறிய எண்களையெல்லாம் நூற்றுக்கு நான்கு வீதம் கூட்டிவிட்டேன். இரண்டாயிரத்து நாற்பதுக்கு அப்படிக் கூட்டினால் என்ன வரும் என்று நோட்டு ஓரத்தில் போட்டுப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. மனதிலேயே வந்தது.

எண்டரைத் தட்டினால் மில் ஓடும். ஜி.எம். சொன்னபடி நடந்ததாக இருக்கும். எனக்கேகூட நிச்சயமாகத் தெரிந்திருக்காது. சென்னியப்பன் சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இதுக்குள்ள ருக்மணி அம்மா கேஸ் இருக்குதுங்க" என்றேன்.

"அதுதான் கம்ப்யூட்டர்லயே அவங்க பேரு இருக்குதே, இனியென்ன?" என்றார் ஜி.எம்.

"பேருதானுங்க இருக்குது. நெம்பர் எப்ப மாறுச்சுங்கறது லாக்லதானுங்க இருக்கும். வேற டிஸ்க்குக்கு நகல் எடுத்துப்போட்டு அப்பறம் காலி பண்றேன். ரெண்டரை மணி நேரம் ஆகுமுங்க."

என் ஸ்கிரிப்டைப் பற்றி அப்போது வாய் திறக்கவில்லை. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

"ரெண்டரை மணி நேரமா! லாரிக்காரங்களுக்கு நா என்ன பதில் சொல்றது?"

"சோறு போட்டுப்போடலாமுங்க," என்றார் சென்னியப்பன் சார். "கேட் பாஸக் கையில எழுதிக் குடுக்கச் சொல்றேன். கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னால லாரி போகாமயாங்க இருந்துச்சு?"

ஜி.எம். அவரை முறைத்தார். பிறகு என்னை. பிறகு சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்த சர்வரை. "உங்க ரெண்டு பேரோட..." என்று பாதியில் விட்டுப் போய்விட்டார்.

ஒன்றரை மணிக்கு நகல் முடிந்தது. லாக்கில் இடம் திறந்தது, மில் பழையபடி எழுதத் தொடங்கியது.

மறுநாள் காலை, பீரோவிலிருந்து பூஜை ஹார்ட் டிஸ்க்கை எடுத்தேன். விரலில் குங்குமம் ஒட்டியது. ஓரமாக இருந்த பழைய சர்வர் ஒன்றில் அந்த முழு பேக்கப்பை ஏற்றினேன். அதன்மேல் லாக்கை ஓடவிட்டு, நான் ஸ்கிரிப்ட் ஓட்டிய புதன்கிழமை மதியம் மூன்று பத்துக்கு நிறுத்தச் சொன்னேன். சொன்ன நிமிடத்தில் நின்றது. ருக்மணியின் லாட்டைத் திறந்தேன். இரண்டாயிரத்து நாற்பது. மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டு மூன்று இருபதுக்கு நிறுத்தினேன். இரண்டாயிரத்து நூற்று இருபத்தொன்று. இடையில் மூன்று பன்னிரண்டுக்கு ஒரே ஒரு டிரான்சாக்‌ஷன். ஒரே நொடியில் அத்தனை லாட்டும் மாறியிருந்தன. எந்த விரலும் அப்படித் தட்டாது.

லேபின் பதிவேட்டைப் போய்ப் பார்த்தேன். புது மெஷின் அந்த வாரத் திங்கட்கிழமையே வந்துவிட்டது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாள் எண்களும், ருக்மணி போட்டதும் சேர்த்து, ஏற்கெனவே திருத்தியவை. அவற்றின்மேல் நான் இரண்டாம் முறை கூட்டியிருக்கிறேன். என் ஸ்கிரிப்ட் எண்ணை மட்டும் தொட்டது, பெயர்க் கட்டத்தைத் தொடவில்லை. அதனால் ருக்மணியின் பெயர் அப்படியே நின்றது. சர்வர் அறையிலிருந்து லேப் இருபது அடி. ஸ்கிரிப்ட் ஓட்டுமுன் நான் ஒருமுறை எட்டிப் பார்க்கவில்லை.

சென்னியப்பன் சாரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"நெம்பரு சரிதானுங்களா?"

"சரிதானுங்க."

"யாரு ஓட்டுன ஸ்கிரிப்டுங்க?"

"நாந்தானுங்க."

துடைக்கக் கண்ணாடியைக் கழற்றியவர், துடைக்காமலே மாட்டிக்கொண்டார்.

"நேத்து எழுதறப்பவே தெரியுமுங்களா?"

"சந்தேகம் இருந்துச்சுங்க."

"சரி. நாலாவது கட்டம் காலியாக் கெடக்குது. எழுதிப்போடுங்க." கதவருகே போய்த் திரும்பினார். "மில்லுல இருந்து அந்த அம்மணிக்கு லெட்டர் போறதுக்கு நாளாகும். நீங்களே ஊட்டுக்குப் போயிச் சொல்லிப்போட்டு வாங்க. நா கூட வரலீங்க."

மேலிடத்தில் நடந்ததைச் சுருக்கிவிடலாம். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று, ஒரு வருட இன்கிரிமென்ட் நிறுத்தம். ருக்மணியின் மேல் இருந்த விசாரணையை ரத்துசெய்து அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்கள். வந்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு சீட்டையும் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டார். என் கண்ணில் படும்படிதான் எடுத்தார்.

நான் சொல்ல வந்தது, திரையில் உண்மையைப் பார்த்த அந்தப் புதன்கிழமை பகலைப் பற்றி. சிங்காநல்லூர் குளத்துக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. கதவு திறந்தே இருந்தது. ஹோட்டல் ஒன்றுக்காக, ஒரு மூட்டைச் சின்ன வெங்காயத்தைக் கொட்டிவைத்து உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் கையிலிருந்த கத்தி நிற்கவில்லை.

"வாங்க பூபதி. நோட்டீஸ் குடுக்க உங்களையா அனுப்பிச்சாங்க?"

"இல்லீங்க. உக்காந்து சொல்றனுங்க."

சொன்னேன். லாக், பூஜை, ஸ்கிரிப்ட், புதன்கிழமை, மூன்று பன்னிரண்டு. பாதி புரிந்திருக்கும், பாதி புரிந்திருக்காது. வெங்காயத்தின் காரம் கண்ணில் ஏற, நான்தான் துடைத்துக்கொண்டேன். அவருக்குப் பழகியிருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். ருக்மணி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா? நெம்பரத் திருத்துனவளுன்னு இங்கவரைக்கும் வந்துருச்சுங்க." தோலை ஊதித் தள்ளினார். "அத மாத்துனது நீங்கதானா?"

"ஆமாங்க. தெரியாம நடந்துபோச்சுங்க."

"நா எத்தன போட்டிருந்தேன்?"

"ரெண்டாயிரத்து நாப்பதுங்க."

"நாப்பது." தலையை ஆட்டினார். "அதையேதானுங்க விசாரணையிலயும் சொன்னேன். மூணு தடவ கேட்டாங்க, மூணு தடவயும் நாப்பதுன்னுதான் சொன்னேன்."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கத்தி வைத்திருந்த கையைத் தூக்கி வேண்டாமென்றார்.

"அத அப்பறம் பாக்கலாம். ஒண்ணு சொல்லுங்க. நா செய்யலீங்கறது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து சந்தேகம் வந்துச்சுங்க. இன்னைக்குக் காலையிலதான் தெரிஞ்சுதுங்க."

அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

"எனக்குப் பத்தொம்பது நாளாத் தெரியுமுங்க."